ஒரு டிக் போட அனுமதி கோரி

சான்றிதழ் சரிபார்ப்பு அலுவலகத்தில் நான்காம் எண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளங்கைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வேறு ஏதோ வைத்தார்கள். அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அலுவலகம் வைத்ததுதான் நிலைத்தது.

பெயர் வந்த கதை ஒன்றும் பெரியதில்லை. வேறு ஊர் மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகிற நர்சுகளின் பதிவு உண்மைதானா என்று பார்த்து, 'உண்மைதான்' என்று தெரிவிப்பது அந்த அலுவலகத்தின் வேலை. பதிவேடுகள் எல்லாம் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பெரிய கணினியில் இருந்தன. அதைப் பார்க்க வேண்டுமானால் கேபிள் செருக வேண்டும். 'உண்மைதான்' என்று தெரிவிக்க வேண்டிய இணையதளம் வெளியே இருந்தது. அதற்கு வைஃபை வேண்டும். உள்ளங்கைக்காரருக்குக் கொடுத்திருந்ததோ ஒரே ஒரு லினக்ஸ் மடிக்கணினி. கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இருந்தால் அது கேபிளைத்தான் மதிக்கும். வெளியே போக வேண்டியதையும் கேபிள் வழியாகவே அனுப்பிவைக்கும். கேபிளோ காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஓர் அடி போகாது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே அவர் கேபிளைச் செருகுவார், பதிவு எண்ணைப் பார்ப்பார், கேபிளைப் பிடுங்குவார், வெளித்தளத்தைத் திறந்து எண்ணை அடிப்பார். நடுவில் அந்தப் பதினோரு இலக்கத்தை எங்காவது எழுதிவைக்க வேண்டுமே? தாளில் எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. கைப்பேசியிலும் கூடாது. சுவர், மேசை, கோப்பின் முதுகு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுத்திருந்தார்கள். மனிதத் தோலைப் பற்றி மட்டும் சுற்றறிக்கை வாய் திறக்கவில்லை. இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது நர்சுகள் அவருடைய இடது உள்ளங்கை வழியாகத்தான் வெளியூர் போனார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பெருமையெல்லாம் ஒரு திங்கட்கிழமை காலை வரைக்கும்தான்.

அன்று ஜன்னலுக்கு வந்த நர்ஸ், ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். காலில் இன்னும் வார்டுச் செருப்பு. அவளுக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை உறுதியாகியிருந்தது. சரிபார்ப்பில் 'அப்படி ஒரு பதிவே இல்லை' என்று பதில் போய்விட்டதாம்.

"எட்டு வருஷமா நர்ஸா இருக்கேன் சார். நான் இல்லவே இல்லைங்கறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. இன்னும் ஒரே ஒரு தடவைதான் அனுப்ப முடியுமாம். விட்டா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிரும்."

உள்ளங்கைக்காரர் கேபிளைச் செருகிப் பார்த்தார். பதிவு நன்றாகத்தான் இருந்தது. அவள் கொண்டுவந்திருந்த பதில் தாளில், அவர் அனுப்பிய எண்ணைப் பார்த்தார். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. போன வாரம் மின்விசிறி ஓடாத நாளில் கை வேர்த்ததும், கோடு இழுபட்டதும், 'எட்டாகத்தான் இருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"உங்க பதிவு இருக்கும்மா. இதோ, நீங்களே பாருங்க" என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். அதைத் திருப்பியிருக்க வேண்டாம்.

அவள் பதிவைப் பார்த்தாள். பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தாள். கேபிளைப் பார்த்தாள். மேசைமேல் மல்லாந்து கிடந்த கையையும், அதில் முந்தைய ஆளின் எண்ணையும் பார்த்தாள். எட்டு வருடம் நோயாளிகளைப் பார்த்தவளுக்கு என்ன கோளாறு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

"சார், எங்க வார்டுலயும் இதே லேப்டாப்தான். இதே தொல்லைதான். கேபிள் செட்டிங்ஸ்ல போனீங்கன்னா, 'இந்த இணைப்பை இதன் நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்து'ன்னு ஒரு வரி இருக்கும். பக்கத்துல ஒரு கட்டம். அதுல ஒரு டிக் போட்டு, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். அப்புறம் உள்ள போறது கேபிள்ல போகும், வெளிய போறது வைஃபைல போகும். சண்டையே இருக்காது."

அவர் திறந்து பார்த்தார். கட்டம் இருந்தது. இரண்டு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. இடது கை தானாகவே மேசைக்குக் கீழே போனது. வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது.

அப்போதே டிக்கைப் போட்டிருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் குறுக்குவழியில் போனதால்தானே இந்தப் பெண்ணுக்கு இப்படி ஆயிற்று, இந்தத் தடவையாவது எல்லாம் முறைப்படி நடக்கட்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "செட்டிங்ஸை நாங்க தொடக் கூடாதும்மா. அனுமதி வாங்கிடறேன். ஒரு டிக்தானே, இன்னிக்கே குடுத்துருவாங்க" என்றார். அவள் நம்பிப் போனாள். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

'ஒரு டிக் போட அனுமதி கோரி' என்று தலைப்பிட்டு மனு எழுதினார். உண்மையைச் சொன்னால் இரக்கம் பிறக்கும் என்று நம்பி, நாளொன்றுக்கு இருபது முறை கேபிளைப் பிடுங்குவதையும் அதில் விவரமாக எழுதிவிட்டார்.

அந்த அலுவலகத்தில் கேபிளுக்கு ஒரு பிரிவும் வைஃபைக்கு ஒரு பிரிவும் இருந்தன. இரண்டும் ஒரே அறையில் இருந்து, மனக்கசப்பு வந்து, நடுவில் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டவை. மின்விசிறி கேபிள் பக்கம் மாட்டியது, அதன் சுவிட்ச் வைஃபை பக்கம். கோடைக்காலத்தில் அங்கே நடப்பது தனிக்கதை.

செவ்வாய்க்கிழமை காலையில் கேபிள் பிரிவுத் தலைவர் தம் ஆட்கள் மூவருடன் நேரில் வந்தார். "முதல்ல வைஃபைய அணைங்க. அந்நியப் பொருள் ஏதும் இருந்தா எங்க சோதனை செல்லாது" என்றார். அணைத்தார்கள். பதிவேடு பளிச்சென்று திறந்தது.

"பாத்தீங்களா? எங்க கேபிள்ல நேத்தும் கோளாறு இல்ல, இன்னிக்கும் இல்ல, நாளைக்கும் இருக்காது. நாளைக்கு உள்ள ரிப்போர்ட்ல இப்பவே கையெழுத்துப் போட்டு வச்சுட்டேன்."

"தனியா இருந்தா நல்லாத்தான் இருக்கு சார். ரெண்டும் சேர்ந்து இருக்கும்போதுதான் பிரச்சினை."

"சேர்ந்து இருக்கறது எங்க பிரிவு இல்லைய்யா."

மதியம் வைஃபை பிரிவுத் தலைவர் வந்தார். கேபிளைப் பிடுங்கச் சொன்னார். வெளித்தளம் நிமிடத்தில் திறந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எங்க பக்கம் சுத்தம். அவங்க கேபிள்ல குறை இருக்குன்னு நான் சொல்லவே மாட்டேன். நல்ல கேபிள்தான். அது இருக்கறதுதான் குறை."

"அந்த டிக்க மட்டும் போட்டா..." என்று உள்ளங்கைக்காரர் இழுத்தார்.

"லினக்ஸுன்னா என்னன்னு நெனச்சீங்க? யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் மாத்தலாம். அதனாலதான் இங்க யாரும் எதையும் மாத்தக் கூடாதுன்னு வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி தட்டை வைக்கும்போது அவர் கையைப் பார்த்தாள். அதிசயமாகச் சுத்தமாக இருந்தது. என்ன ஏது என்று கேட்டு முழுக்கதையையும் வாங்கிக்கொண்டாள்.

"போடறதுக்கு முன்னாடி எதுக்குங்க கேட்டீங்க?"

"கேக்காம எப்படிப் போடறது?"

"கேக்காமத்தானே ரெண்டு வருஷமா கையில எழுதினீங்க? அதுக்கு யாரு அனுமதி குடுத்தா?" குழம்பை ஊற்றிக்கொண்டே தொடர்ந்தாள். "தப்பு உங்க கையால நடந்தது. அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? டிக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்குக் காலைல போனதும் அந்த நம்பரக் கையிலயே எழுதி, இந்தத் தடவ ஒழுங்காப் பாத்து அனுப்பிருங்க. அப்புறம் உங்க மனு நடக்கறபடி நடக்கட்டும்."

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். புதன்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

புதன்கிழமை போனபோது மடிக்கணினிக்கு முத்திரை வைத்திருந்தார்கள். மனுவில் அவரே கொடுத்த வாக்குமூலத்தின்படி, கேபிளை நாளொன்றுக்கு இருபது முறை அனுமதியின்றிப் பிடுங்கியிருப்பதால், இனி யாரும் பிடுங்க முடியாதபடி செருகிய நிலையிலேயே கேபிள் பிரிவு அதன்மேல் காகிதம் ஒட்டி அரக்கு வைத்திருந்தது. கேபிளுக்கு நிரந்தர இடம் கிடைத்த செய்தி பலகைக்கு அந்தப் பக்கம் போக எவ்வளவு நேரமாகும்? வைஃபையை யாரும் அணைக்கக் கூடாது என்று வைஃபை பிரிவும் ஒரு முத்திரையை வைஃபை பொத்தான்மேல் ஒட்டிவிட்டது. இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று ஆயிற்று. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

நர்ஸ் பத்து மணிக்கு வந்தாள். "ஆச்சா சார்?"

"நடந்துட்டிருக்கும்மா."

அவள் உள்ளே எட்டிப் பார்த்து அரக்கைக் கவனித்தாள். "டிக் போட முத்திரை தடுக்காதே சார்? கட்டம் திரையிலதானே இருக்கு?"

இது அவருக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்க அந்தக் கட்டம்தான் கண்ணுக்குள் நின்றது. "மேல பேசிட்டிருக்காங்கம்மா" என்றார். அப்படி யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதனால் வியாழக்கிழமை முழுவதும் படியேறி இறங்கி, யாரையாவது பேச வையுங்கள் என்று கெஞ்சினார். முத்திரையை எடுக்கக் கேபிள் பிரிவு வைஃபை பிரிவின் சம்மதத்தைக் கேட்டது. வைஃபை பிரிவு, கேபிள் பிரிவு முதலில் கேட்டதற்கான அத்தாட்சியைக் கேட்டது. கடைசியில் இயக்குநரே இரங்கி வந்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டுக் குழு கூடும், சம்பந்தப்பட்ட மடிக்கணினியும் நேரில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மடிக்கணினி ஆஜரானது. கேபிளைத்தான் பிடுங்க முடியாதே? ஆகவே கேபிள் பிரிவு நீலக் கேபிள் சுருள்கள் நான்கைப் பிரித்து ஒட்டுப் போட்டு நீட்ட, உள்ளங்கைக்காரர் கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, இரண்டு கடைநிலை ஊழியர்கள் பின்னால் கேபிளைத் தூக்கிப் பிடித்து வந்தார்கள். நடைபாதை பெஞ்சில் அந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கேபிள் போவதற்காகக் காலைத் தூக்கிக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்தார்.

கூட்ட அறையில் மடிக்கணினித் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். மூன்றரைக்குத் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் இரண்டு பிரிவுகளும் தத்தம் அறிக்கைகளை வாசித்தன. இரண்டிலும் ஒரே வாக்கியம்தான் இருந்தது: 'தனித்து இயங்குகையில் குறை ஏதும் இல்லை.' நாலரைக்கு இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு என்னதான்யா வேணும்?"

"ஒரு டிக் சார்." அவர் கட்டத்தைத் திறந்து, அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். சுவரில் கட்டம் ஒரு ஜன்னல் அகலத்துக்குத் தெரிந்தது. எல்லாரும் அதை மரியாதையுடன் பார்த்தார்கள். "இதுல ஒரு தடவ தட்டினாப் போதும் சார். வெளிய ஒரு நர்ஸ் காத்துட்டிருக்காங்க. அஞ்சு மணிதான் கெடு."

"தட்டலாம். யாரு தட்டறது?"

"கட்டம் எங்க செட்டிங்ஸ்ல இருக்கு சார்" என்றார் கேபிள் தலைவர். "எங்களத் தவிர வேற யாரும் தட்ட முடியாது. ஆனா பலன் அவங்களுக்குப் போகுது. எங்க கட்டத்துல தட்டி அவங்க வைஃபைக்கு நாங்க ஏன் வழிவிடணும்?"

"வழிவிடச் சொல்லி நாங்க கேக்கவே இல்லையே" என்றார் வைஃபை தலைவர். "கேட்டு வாங்கினோம்னு நாளைக்கு ரெக்கார்டுல வந்துரும்."

இயக்குநர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் சுருக்கமாகப் பேசமாட்டார். "நான் பொறுப்பேத்து ஒம்போது வருஷமாச்சு. இந்த ஒம்போது வருஷத்துல ஒரு முடிவு தப்பாப் போச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஏன்? நான் ஒரு முடிவும் எடுக்கல. முடிவு எடுத்தவன்லாம் இன்னிக்கு எங்க இருக்கான்னு பாருங்க. ஒரு நர்ஸ் காத்திருக்காங்கன்னு சொன்னீங்க. எனக்கும் மனசு இருக்கு. ஆனா இன்னிக்கு ஒரு நர்ஸுக்காகத் தட்டினா, நாளைக்கு இன்னொரு நர்ஸ் வருவாங்க. வேலை நடக்குதுன்னு தெரிஞ்சா கூட்டம் கூடிரும். அப்புறம் யாரு சமாளிக்கறது?"

உள்ளங்கைக்காரரின் விரல் டச்பேடின் மேல் இருந்தது. தொட்டுக்கொண்டே இருந்தது, அழுத்தவில்லை. சுவரில் அம்புக்குறி லேசாக நடுங்குவதை அறை முழுவதும் பார்த்தது. நாலு ஐம்பத்திரண்டு. ஒரு அழுத்து அழுத்தினால் என்ன செய்வார்கள்? விளக்கம் கேட்பார்கள். இடம் மாற்றுவார்கள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. இது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நாலு ஐம்பத்தேழு. இயக்குநர் தம்முடைய ஆரம்ப காலத்துக்குப் போய்விட்டார். அம்புக்குறி கட்டத்தின் மேலேயே நின்றது. ஐந்து மணிக்கு அலுவலக மணி அடித்தது.

"ஆக, இதைப் பரிசீலிக்கலாம்" என்று சொல்லி இயக்குநர் உட்கார்ந்தார். எல்லாரும் டீ குடிக்க எழுந்து போனார்கள்.

அறையில் அவரும் மடிக்கணினியும் மட்டும் மிஞ்சியபோது மணி ஐந்து ஏழு. அவர் கட்டத்தைத் தட்டினார். திரையிலேயே கேபிளை ஆஃப் செய்து ஆன் செய்தார். மனதுக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதிவேடும் திறந்தது, வெளித்தளமும் திறந்தது. பக்கத்துப் பக்கத்தில், எந்தச் சண்டையும் இல்லாமல் இரண்டும் இருந்தன. கையில் எழுதாமல், ஒரு இலக்கமும் தவறாமல், நர்ஸின் பதிவு எண்ணை அனுப்பினார். 'காலம் முடிந்தது' என்று பதில் வந்தது.

நாலு வினாடி. அதற்காக ஐந்து நாள் அந்தப் பெண்ணை அலைய விட்டிருக்கிறார். யாரும் அவர் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. இயக்குநர் தடுக்கவில்லை, கேபிள்காரனோ வைஃபைகாரனோ தடுக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டு மட்டும்தான் இருந்தார்கள். தடுத்தது அவரேதான். சுவரில் அந்த டிக் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. பெஞ்சில் அவளைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை கூட்டு ஆய்வில் டிக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கணினியில் இரண்டும் சேர்ந்து வேலை செய்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

"யாரு போட்டது?" என்று கேபிள் தலைவர் கேட்டார்.

நான்தான் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். "அப்டேட்ல தானா வந்திருக்கும் சார்" என்று வந்தது.

தானாக ஏற்பட்ட கோளாறு என்று குறித்துக்கொண்டு, இரு பிரிவினர் முன்னிலையில் டிக்கை எடுத்தார்கள். சாட்சிக் கையெழுத்து அவரே போட்டார். முத்திரைகளை நீக்கி, நிலைமையைப் பழையபடி சீராக்கினார்கள். கூட்டத்தில் கட்டத்தின் மேலேயே விரலை வைத்திருந்தும் கடைசிவரை தட்டாத கட்டுப்பாட்டைப் பாராட்டி இயக்குநர் ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டு வருடமாக அவர் கடைப்பிடித்த வழிக்கு 'உள்ளங்கைப் பதிவு முறை' என்று பெயர் சூட்டி முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள். வியர்வையில் அழியாத பேனா ஒன்றும், துடைக்க ஒரு ஈரப் பஞ்சும் அலுவலகச் செலவில் வந்தன. பேனாவை அவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் நர்ஸ் மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். அதே வார்டுச் செருப்பு. கையில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன.

"அந்த வேலை போயிருச்சு சார். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம்தான்." சத்தம் போடாமல் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "டிக் போட்டீங்களா சார்?"

"போட்டேன்மா."

"வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

பொய் சொல்ல நினைத்தார். ஏனோ வரவில்லை. "நாலு செகண்டு."

"எப்ப சார்?"

"அஞ்சு மணி ஏழு நிமிஷத்துக்கு."

அவள் விண்ணப்பங்களை உள்ளே தள்ளினாள். "சரி, விடுங்க சார். எனக்குத்தான் ஆகல, இனிமே வர்றவங்களுக்காவது ஆகும். இவங்க ரெண்டு பேரும் என் வார்டுதான். அந்த சார் இதுக்குள்ள டிக் போட்டிருப்பாரு, இனி தப்பு வராது, தைரியமாக் குடுங்கன்னு நான்தான் சொன்னேன். இவங்களுக்கும் வர்ற வெள்ளிக்கிழமைதான் கடைசி."

"சரிம்மா" என்றார் உள்ளங்கைக்காரர்.

விண்ணப்பங்களை வாங்கி வைத்தார். கேபிளைச் செருகினார். அவள் இன்னும் ஜன்னலில்தான் நின்றாள். திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மேசைக்குக் கீழே, சத்தம் வராமல், பேனாவின் மூடியைத் திறந்தார்.